கரைய வேண்டியது கரையட்டும்!

(இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு)

முதலில் ஒரு மூன்று மார்க் கேள்வி. 'சேக்ரிஃபிஷியல் ஆனோடு' என்றால் என்ன?

கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பீர்கள் என்று தெரியும். ஒரு உலோகத்தைக் காப்பாற்ற, அதைவிடச் சீக்கிரம் அரிக்கக்கூடிய இன்னொரு உலோகத்தை அதோடு சேர்த்துக் கட்டுவது. கட்டினது கரையும், காப்பாற்ற வேண்டியது பிழைக்கும். நானும் அப்படித்தான் எழுதினேன். 2023 ஏப்ரலில் முதலாண்டுப் பரீட்சை. அடியில் கோடு எல்லாம் போட்டு, படம் வரைந்து, அம்புக்குறி காட்டி எழுதிவிட்டு வந்தேன். கெமிஸ்ட்ரியில் நல்ல மார்க்.

அதே வருஷம் மே மாதம், எங்கள் மாமாவின் விசைப்படகுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து, அந்த 'சேக்ரிஃபிஷியல் ஆனோடு' மேலேயே இரண்டு கோட் சிவப்புப் பெயிண்ட் அடித்தவனும் நான்தான்!

சிரிப்பு வருகிறதா? எனக்கும் இப்போது வருகிறது. 2024 ஜனவரியில் வரவில்லை.

விஷயத்தைச் சொல்கிறேன். நாகப்பட்டினம் பக்கத்துப் பசங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கிழக்குக் கடற்கரையில் வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த இரண்டு மாசத்தில்தான் படகுகளைக் கரையேற்றி, பலகை மாற்றி, இடுக்கு அடைத்து, இன்ஜினைப் பிரித்து மாட்டி, பெயிண்ட் அடிப்பார்கள். எங்களுக்கும் லீவு. சும்மா வீட்டில் கிடக்காமல் அக்கரைப்பேட்டைக்குப் போனால் கைச்செலவுக்குக் காசு கிடைக்கும். நான் ஒன்பதாவது படிக்கும்போதிருந்தே மாமா படகுக்குப் பெயிண்டர்.

படகின் அடியில், பின்பக்கம், ஷாஃப்ட் வெளியே வருகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டி போல்ட் போட்டு மாட்டியிருக்கும். அதுதான் ஜிங்க். துத்தநாகம். அதிலிருந்து ஒரு செம்புப் பட்டை ஸ்டெர்ன் டியூபுக்கும் ஷாஃப்டுக்கும் போகும். எனக்கு என்ன தெரியும்? அடிப்பலகை முழுக்கச் சிவப்பு, நடுவில் இது மட்டும் அசிங்கமாகச் சாம்பல். சுரண்டி, துடைத்து, அதற்கும் சேர்த்து அடித்துவிட்டேன். ஒவ்வொரு வருஷமும். அடுத்த வருஷம் படகைக் கரையேற்றினால் கட்டி அப்படியே புதுசாக இருக்கும். மாமாவுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியாடா மருமவனே, நம்ம கட்டி தேயவே இல்ல. அடுத்த படகுக்காரனுக்கு வருஷத்துக்கு ஒண்ணு போவுது" என்பார். நானும் தலையை ஆட்டுவேன்.

2024 ஜனவரியில் தங்குகடல் போன இடத்தில் புரொப்பல்லரின் ஒரு இறக்கை முறிந்து போனது. மூன்று இறக்கையில் ஒன்று இல்லாமல் ஷாஃப்ட் சுற்றினால் என்ன ஆகும் என்பது டைனமிக்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும். படகே உதறியிருக்கிறது. ஸ்டெர்ன் டியூப் பக்கம் தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்துவிட்டது. இன்ஜினை நிறுத்திவிட்டு, ஆறு பேர் மாற்றி மாற்றித் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். பக்கத்தில் வலை போட்டிருந்த படகு அவர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு வந்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கரை சேர்த்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மாமா, டிரைவர், நாலு ஆட்கள், எல்லாரும் வந்துவிட்டார்கள். ஆனால் அந்த ராத்திரி எங்கள் அத்தை வாசலில் உட்கார்ந்திருந்த உட்காரலை நான் மறக்கமாட்டேன்.

படகைக் கரையேற்றிப் பார்த்தபோது, முறிந்த இடம் தங்க நிறத்தில் இல்லை. இளஞ்சிவப்பாக, ரஸ்க் மாதிரி பொரபொரவென்று இருந்தது. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. பக்கத்தில் நான் பெயிண்ட் அடித்த ஜிங்க் கட்டி, மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு மூன்று மார்க் பதில் புரிந்தது.

புரொப்பல்லரை நாம் வெண்கலம் என்கிறோம். விற்கிறவரும் 'மாங்கனீஸ் பிரான்ஸ்' என்றுதான் விற்கிறார். பெயர்தான் பிரான்ஸ். உள்ளே இருப்பது சுமார் 58 பங்கு செம்பு, 39 பங்கு துத்தநாகம். அதாவது பித்தளை! ஷாஃப்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் முங்கிக் கிடக்கின்றன. இது ஒரு பாட்டரி, வேறொன்றும் இல்லை. டார்ச் லைட் செல்லில் உள்ளே நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. என்ன, பல்பு எரியாது, புரொப்பல்லர் எரியும். கடல்நீரில் வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனையை ஒப்பிட்டு அளந்தால் நல்ல நிலையில் உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பூஜ்யத்துக்குக் கிட்டே நிற்கும். பித்தளை, வெண்கல வகைகள் சுமார் மைனஸ் 0.3 வோல்ட். சாதா இரும்பு மைனஸ் 0.6. அலுமினியக் கலவைகள் அதற்கும் கீழே, மைனஸ் 0.75-ஐ ஒட்டி. துத்தநாகம் மைனஸ் 1.0-க்கும் கொஞ்சம் கீழே. கீழே நிற்பவன் கரைவான், மேலே நிற்பவன் பிழைப்பான். அவ்வளவுதான் சட்டம். ஸ்டெயின்லெஸ் ஷாஃப்டுக்கும் பித்தளைப் புரொப்பல்லருக்கும் நடந்த சண்டையில் தோற்றது புரொப்பல்லர். அதற்குள்ளும் முதலில் ஓடிப்போனது அதில் இருந்த துத்தநாகம். மிச்சம் நின்றது ஓட்டை ஓட்டையான செம்பு. அதுதான் அந்த இளஞ்சிவப்பு ரஸ்க்.

நடுவில் ஜிங்க் கட்டி ஒழுங்காக வேலை செய்திருந்தால் எல்லாருக்கும் முன்னால் அது கரைந்திருக்கும். ஏன் செய்யவில்லை? கரண்டுக்கு ஒரு சுற்று வேண்டும். எலக்ட்ரான் போக உலோகப் பாதை: செம்புப் பட்டை. அயனி போகத் தண்ணீர்ப் பாதை: கடல். இந்த இரண்டாவது பாதையைத்தான் நான் பிரஷ்ஷால் அடைத்து வைத்தேன். பெயிண்ட் அடித்த ஜிங்கும் ஜிங்கே இல்லாததும் ஒன்று.

இது எனக்கு மட்டும் வந்த கேடு என்று நினைக்க வேண்டாம். கொம்பு முளைத்த பெரியவர்களே கோட்டை விட்ட கதைகள் இருக்கின்றன. 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை 'அலாரம்' என்ற போர்க்கப்பலின் மரஅடிப்பாகம் முழுக்கச் செப்புத் தகடு அடித்தது. மரத்தைத் துளைக்கும் புழுவும் பாசியும் வராது என்று. மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்விட்டு வந்ததும் 1763-ல் பார்த்தால் புழு இல்லை, பாசி இல்லை. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் கூழாகியிருந்தன. ஒரு சில ஆணிகள் மட்டும் நன்றாக இருந்தன. ஏன் தெரியுமா? தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அந்த இடங்களில் கிழிக்கப்படாமல் செம்புக்கும் இரும்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது! ஒரு காகிதம் செய்த வேலை. இன்றைக்கு நைலான் வாஷர் போடுகிறோமே, அதற்கு அதுதான் பாட்டன்.

அப்புறம் ஹம்ப்ரி டேவி. சுரங்க விளக்கு டேவியேதான். 1824-ல் செப்புத் தகட்டோடு கொஞ்சம் துத்தநாகமோ வார்ப்பிரும்போ சேர்த்தால் செம்பு கரையாது என்று ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். சோதனைக்குக் கொடுத்த கப்பல்களில் ஒன்று 'சமராங்'. நம் கொச்சியில் கட்டி 1822-ல் கடலில் இறக்கிய கப்பல் அது. கனடாவின் நோவா ஸ்கோஷியா வரை போய் வந்தது. டேவி சொன்னது பலித்தது, செம்பு கரையவில்லை. ஆனால் செம்பு கரைந்தால்தானே அந்த விஷத்துக்குப் பயந்து பாசி வராது? காப்பாற்றிய செம்பின் மேல் கப்பல் கப்பலாகக் கொட்டலசும் பாசியும் பிடித்து, வேகம் போய், 1825-ல் கடற்படை அந்த ஏற்பாட்டையே கழற்றச் சொல்லிவிட்டது. பாவம் டேவி! அவர் சொன்ன விஞ்ஞானம் சரி, ஆனால் படகு என்பது விஞ்ஞானம் மட்டும் இல்லை. இந்த டேவி கதையை நம் வகுப்பில் சொல்லியிருந்தால் அந்தப் பாடம் எனக்கு 2023-லேயே மண்டையில் ஏறியிருக்கும்.

பழைய கதை என்று தள்ளாதீர்கள். அமெரிக்கக் கடற்படையின் 'இண்டிபெண்டன்ஸ்' என்ற 127 மீட்டர் அலுமினியப் போர்க்கப்பல் 2010-ல் பணியில் சேர்ந்தது. 2011-லேயே அதன் வாட்டர் ஜெட் இருக்கும் இடத்தில் அலுமினியம் வேகமாக அரிப்பதாகச் செய்தி வந்தது. ஸ்டீலும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் ஒன்றாகக் கிடந்தால் அலுமினியம் போகும் என்பது நம் முதலாண்டுப் பாடம். முழு அளவிலான காத்தோடிக் பாதுகாப்பு அந்தக் கப்பலில் இல்லை. பின்னால் வந்தவற்றில் வைத்தார்கள். அவ்வளவு பணம் வைத்திருப்பவர்களே இப்படி என்றால் எங்கள் மாமாவை என்ன சொல்ல?

சரி, இனி என் அபிப்பிராயங்கள். கசப்பாகத்தான் இருக்கும்.

தேயாத ஜிங்க் கட்டியைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற வழக்கம் முதலில் போக வேண்டும். நம் ஆட்களுக்கு எது தேயாமல் இருந்தாலும் நல்ல சரக்கு. செருப்பு தேயக்கூடாது, டயர் தேயக்கூடாது, ஜிங்கும் தேயக்கூடாது! ஆனால் தேய்வதற்காகவே காசு கொடுத்து வாங்கிய பொருள் இது ஒன்றுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ ஜிங்க் கிட்டத்தட்ட 780 ஆம்பியர்-மணி கொடுக்கும். ஒரு வருஷத்துக்கு 8760 மணி. 0.1 ஆம்பியர் வருஷம் முழுக்க ஓடினால் ஒரு கிலோவுக்கு மேலே கரைந்திருக்க வேண்டும். வருஷம் கழித்து எடை போட்டுக் குறையவே இல்லை என்றால் ஒன்று பெயிண்ட், இல்லையேல் செம்புப் பட்டை அறுந்திருக்கிறது, அல்லது போல்ட் துருப்பிடித்துத் தொடர்பு விட்டுப் போயிருக்கிறது. மூன்றும் இல்லையென்றால் கட்டியே மோசம்.

கட்டி மோசம் என்றேன், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது எனக்கு இரண்டாவது பாடம். புரொப்பல்லர் போனபிறகு மாமா புதுக் கட்டி வாங்கினார். பழைய ஜிங்க் சாமான்களை இரும்புச் சட்டியில் உருக்கி வார்த்தது, விலை பாதி. அதன்மேல் பெயிண்ட் அடிக்கவிடாமல் நான் காவல் காத்தேன். அடுத்த தடைக்காலத்தில் படகைத் தூக்கிப் பார்த்தால் கட்டி மேலே ஓடு மாதிரி கெட்டியாக ஒரு படலம். உளியால் தட்டினாலும் வரவில்லை. அடியில் உலோகம் அப்படியே! படித்துப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. கடலுக்கான ஜிங்கில் இரும்பு கலப்பு 0.005 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது அமெரிக்கக் கடற்படையின் மில்-ஏ-18001 என்ற தரக்குறிப்பு. அதாவது 100 கிலோவில் 5 கிராம். அதற்கு மேல் இரும்பு இருந்தால் மேலே படலம் கட்டி, ஜிங்க் தூங்கிவிடும். இரும்பின் கெடுதலைக் கட்டுப்படுத்தத்தான் துளி அலுமினியமும் துளி காட்மியமும் சேர்க்கிறார்கள். இரும்புச் சட்டியில் உருக்குகிறவரிடம் 5 கிராம் கணக்கை யார் போய்ச் சொல்வது? அவரைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. கட்டி என்று கேட்டோம், கட்டி கொடுத்தார்.

இதற்கு நேர் எதிரான பைத்தியக்காரத்தனமும் உண்டு. ஒன்று போதாதென்று பயந்து நாலு கட்டி மாட்டுகிறவர்கள். மரப்படகில் இது ஆபத்து. பாதுகாப்பு அளவுக்கு மிஞ்சினால் காப்பாற்றப்படும் உலோகத்தைச் சுற்றி காரம் உண்டாகும். காரம் மரத்தைத் தின்னும். போல்ட் பளபளவென்று இருக்கும், போல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்த பலகை பஞ்சாகியிருக்கும்.

இன்னொன்று. கடுவையாற்று முகத்துவாரத்தில் கட்டுகிற படகுகளுக்கு மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் வரும். நல்ல தண்ணீரில் ஜிங்க் மேல் படலம் பிடித்து மந்தமாகிவிடும். அதற்கு அலுமினிய ஆனோடு தேவலாம். இண்டியம் சேர்த்த அலுமினியக் கலவை ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 2500 ஆம்பியர்-மணி தரும், ஜிங்கைப் போல மூன்று மடங்கு. விலையைக் கிலோவுக்குப் பார்க்காமல் ஆம்பியர்-மணிக்குப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. மக்னீசியம் வேண்டவே வேண்டாம். அது நல்ல தண்ணீருக்கு உரியது. கடலில் போட்டால் சீக்கிரமே காணாமல் போய்விடும்.

ஃபைபர் படகில் அவுட்போர்டு மோட்டார் வைத்திருக்கும் வீட்டுப் பசங்கள் ஒரு நிமிஷம் கவனியுங்கள். உங்கள் மோட்டாரின் தண்ணீருக்குள் போகும் கால் முழுக்க அலுமினியம். புரொப்பல்லருக்கு மேலே சின்ன மீன் துடுப்பு மாதிரி ஒன்று இருக்கும் பாருங்கள், பல மோட்டாரில் அதுவே ஆனோடு. அதைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார்கள். படகின் அடிக்கு அடிக்கும் செப்புக் கலந்த பாசித்தடுப்புப் பெயிண்டையே இந்தக் காலுக்கும் அடிக்கிறார்கள். அலுமினியத்தின் மேல் நாமே செம்பைப் பூசி விடுவது இது! கிராஃபைட் கிரீசும் அப்படித்தான். கிராஃபைட் எல்லா உலோகத்துக்கும் மேலே நிற்கிறவன். ஆனோடு பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும், முழுக்கத் தீரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மோட்டாரைத் தூக்கி வைத்திருக்கும்போது ஆனோடு எதையும் காப்பாற்றாது, அப்போது நல்ல தண்ணீரால் கழுவுவது ஒன்றே வழி.

இப்போது நம் கல்லூரிக்கு வருகிறேன். ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அரிமானம் பாடத்தை இரண்டு மணி நேரத்தில் முடித்து, மூன்று மார்க்குக்கு நோட்ஸ் கொடுத்து, அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். கூப்பிடு தூரத்தில் துறைமுகம் இருக்கிறது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், தடைக்காலத்தில் அங்கே கூட்டிக்கொண்டு போய் ஒரு படகின் அடியைக் காட்டியிருந்தால் போதும். தொழிற்சாலைச் சுற்றுலா என்று போன வருஷம் ஒரு பால் பண்ணையைப் பார்த்துவிட்டு அப்படியே கொடைக்கானல் போனோம். (பால் நன்றாகத்தான் இருந்தது.) 1953-லிருந்து காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மண்டபத்தில் கடல் அரிமானத்துக்கென்றே அவர்களுக்கு ஒரு நிலையம் இருக்கிறது. கொடைக்கானலை விடக் கிட்டே! மாணவர் பேரவைத் தேர்தலில் நிற்கிறவர்கள் கிரிக்கெட் பேட் வாங்கித் தருகிறேன் என்கிறார்கள். காரைக்குடிக்கு ஒரு பஸ் பேசித் தருகிறேன் என்று சொல்கிறவருக்குத்தான் என் ஓட்டு. (எனக்கு ஓட்டு இந்த வருஷத்தோடு முடிகிறது, அது வேறு விஷயம்.)

ஆசிரியர்களை மட்டும் சொல்லிப் புண்ணியமில்லை. நாமாகச் செய்யக்கூடியது நிறைய. மூன்று பாட்டிலில் கடல்தண்ணீர் பிடித்து வையுங்கள். ஒன்றில் வெறும் இரும்பாணி. ஒன்றில் செம்புக்கம்பி சுற்றிய ஆணி. ஒன்றில் பழைய டார்ச் செல்லின் ஜிங்க் உறையை வெட்டி, கழுவி, இறுக்கிச் சுற்றிய ஆணி. ஒரு வாரம் ஜன்னலோரம் இருக்கட்டும். செம்பு சுற்றியது மற்ற இரண்டையும்விட மோசமாகத் துருப்பிடிக்கும். ஜிங்க் சுற்றியதில் துரு இராது, வெள்ளைப் பொடி மட்டும் உதிரும். எங்கள் ரூமில் இதைச் செய்தபோது, எட்டாவதோடு நின்ற என் சித்தப்பா மகன் ஒரே பார்வையில் விஷயத்தைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, அப்ப நீங்கதான் மாமா புரொப்பல்லர முறிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டான். பதில் சொல்ல முடியவில்லை.

மாமாவிடமும் ஒருநாள் சொல்லிவிட்டேன். பெயிண்ட் அடித்தது தப்பு, நான் படித்துவிட்டும் அடித்தேன் என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "படிச்சத முன்னாடியே சொல்லக் கூடாதாடா" என்றார். அவ்வளவுதான். அடி வாங்கியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அதனால் ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறேன். தட்டார் ஒருவரிடம் கெஞ்சி ஒரு சாண் சுத்த வெள்ளிக் கம்பி வாங்கினேன். அதைத் துணிக்குப் போடும் பிளீச்சிங் திரவத்தில் ஊறவைத்தால் மேலே கருஞ்சாம்பலாக வெள்ளி குளோரைடு படியும். அதுதான் ஒப்பீட்டு மின்முனை. கடைச்சரக்கு அளவுக்குத் துல்லியம் இல்லை என்றாலும் நம் வேலைக்குப் போதும். படகு தண்ணீரில் மிதக்கும்போது இந்தக் கம்பியைக் கடலில் தொங்கவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை இதிலும் இன்னொன்றை ஷாஃப்டிலும் வைக்க வேண்டும். ஜிங்க் பட்டையைக் கழற்றி ஒரு அளவு, மாட்டிக் கொஞ்ச நேரம் விட்டு ஒரு அளவு. மாட்டியதும் குறைந்தது 0.2 வோல்ட் கீழே இறங்கினால் ஜிங்க் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் ஏதோ ஒரு மருமகன் பெயிண்ட் அடித்திருக்கிறான். ஐந்து நிமிஷ வேலை. மல்டிமீட்டர் எல்லா எலக்ட்ரிகல் மாணவனிடமும் இருக்கிறது.

ஜூன் 14-க்கு முந்தின வாரம் படகுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கும். அப்போது நாம் பத்துப் பேர், இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து போனால் ஒரே நாளில் நிறையப் படகு பார்த்துவிடலாம். காசு வாங்கக் கூடாது, டீ கொடுத்தால் குடிக்கலாம். ஒரு நோட்டில் படகின் நம்பர், இரண்டு அளவு, கட்டி எங்கே வாங்கியது என்று எழுதி வைத்தால், அடுத்த வருஷம் அதே படகைப் பார்க்கும்போது எந்தக் கட்டி உழைத்தது, எது தூங்கியது என்று தெரிந்துவிடும். அந்த நேரத்தில் நான் எங்கே அப்ரெண்டிஸ் ஆகப் போயிருப்பேனோ தெரியாது. இரண்டாம் ஆண்டுத் தம்பிகள் இருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் எட்டுப் பேர் வேண்டும்.

வெள்ளிக் கம்பி மெக்கானிக்கல் லேபில், பழைய லேத்துக்குப் பின்னால் உள்ள அலமாரியில், ஒரு ஊறுகாய் பாட்டிலில் உப்புத் தண்ணீரோடு இருக்கிறது. யாரும் அழுக்கு என்று நினைத்துக் கம்பியை எமரி பேப்பர் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.